ஆயா கேட்ட தூரம்

(மூன்றாம் ஆண்டு, புவியியல்)

திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர் வல்லம் வடகால். ஏரியும் கழனியுமாக இருந்த ஊர், இன்று சிப்காட் தொழிற்பேட்டை என்றால்தான் பலருக்குத் தெரிகிறது. 1955இல் சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் வண்டி செய்யத் தொடங்கிய என்பீல்டு நிறுவனம் 2017இல் எங்கள் ஊரிலும் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியைத் தேடிய இந்திய இராணுவம் புல்லட்டை விரும்பி வாங்கியதே அந்நிறுவனம் இங்கே வேரூன்றக் காரணம். 2016இல் அது வெளியிட்ட ஒரு வண்டிக்குப் பெயரே 'ஹிமாலயன்'. கடல் மட்டத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் பிறக்கும் வண்டிகளுக்குப் பனிமலையின் பெயர் வைத்திருப்பதைப் பார்த்துச் சிறு வயதில் நான் சிரித்ததுண்டு.

எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் அந்தப் பனிமலைக்குப் போனார். அவர் என் அண்ணன். இராணுவத்தில் சேர்ந்து, லடாக்கின் லே நகரில் பணியாற்றினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் எங்கள் ஆயா படுத்த படுக்கையானாள். அண்ணனுக்குச் செய்தி சொன்னோம். உடனே விடுப்புக் கிடைத்தது. மறுநாள் காலை லேயிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் இராணுவ விமானத்தில் இடமும் கிடைத்தது. ஸ்ரீநகரிலிருந்து டில்லி, டில்லியிலிருந்து சென்னை என்பது அவர் திட்டம்.

"ஏன்டா கண்ணு, அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் எம்மாந்தூரம்?" என்று ஆயா கேட்டாள்.

நான் புவியியல் மாணவன் அல்லவா! நிலப்படத்தை விரித்து, அளவுகோலை வைத்து அளந்தேன். "லேலேருந்து ஸ்ரீநகர் நம்ம ஊர்லேருந்து பெங்களூர் தூரம்தான் ஆயா. விமானத்துல ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்க வந்துட்டா அப்புறம் கவலையில்ல. நாளைக்கு ராத்திரி வீட்டுல இருப்பாரு" என்றேன்.

மறுநாள் காலை முதல் ஆயா கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஒரு மணி நேரம் ஆயிடுச்சா?" என்பதுதான் கேள்வி. அன்று விமானம் வரவில்லை. அதற்கு மறுநாளும் அண்ணனால் கிளம்ப முடியவில்லை. அன்றிரவு ஆயா கண்ணை மூடினாள். மூன்றாம் நாள் அண்ணன் ஸ்ரீநகரில் இறங்கிய அதே பகலில், பேரன்கள் இருவரும் பிடிக்க வேண்டிய நெய்ப்பந்தத்தை நான் ஒருவனே பிடித்தேன்.

நான் அளந்தது சரி. ஆனால் ஆயாவுக்குச் சொன்ன பதில் தவறு. இது எப்படி? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. அதற்காகப் படித்தும், பேராசிரியரிடம் கேட்டும், அண்ணனிடம் பேசியும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

வரைபடம் சொல்லும் தூரம்

முதலில் நான் சரியாகச் சொன்னதைப் பார்ப்போம். பூமியில் மேலிருந்து கீழாக வரையப்படும் தீர்க்கக் கோடுகள் நிலநடுக்கோட்டில் ஒன்றுக்கொன்று சுமார் 111 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும். வடக்கே போகப் போக அவை நெருங்கி, துருவத்தில் ஒரே புள்ளியில் கூடிவிடும். பலாச்சுளையைப் போல நடுவில் அகன்றும் நுனியில் குறுகியும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அட்ச ரேகையின் கொசைன் மதிப்பால் 111ஐப் பெருக்கினால் அந்தந்த இடத்தில் ஒரு பாகையின் அகலம் கிடைக்கும். நம் ஊர் ஏறக்குறைய 13 பாகை வடக்கில் உள்ளது. இங்கே ஒரு பாகை சுமார் 108 கிலோமீட்டர். ஸ்ரீநகரும் லேயும் 34 பாகை வடக்கில் உள்ளன. அங்கே அது சுமார் 92 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது.

ஸ்ரீநகரும் லேயும் ஏறக்குறைய ஒரே அட்ச ரேகையில், மேற்கும் கிழக்குமாக அமைந்தவை. இடைவெளி சுமார் 2.78 பாகை. 92ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 256 கிலோமீட்டர். வல்லம் வடகாலும் பெங்களூரும் அப்படியே கிழக்கும் மேற்குமாக அமைந்தவை. இடைவெளி சுமார் 2.3 பாகை. 108ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இன்னொரு வியப்பும் உண்டு. பெங்களூரிலிருந்து நேர் வடக்காக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனால் அது ஏறக்குறைய லே நகரைத்தான் தொடும். இரண்டும் ஒரே தீர்க்க ரேகையில், 77.6 பாகையை ஒட்டி இருக்கின்றன.

இனி நேரக் கணக்கு. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம் 256 கிலோமீட்டரைக் கடக்க 19 நிமிடம் போதும். ஆனால் விமானம் ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். மேலே ஏற வேண்டும். இறங்குமுன் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறுகிய பயணத்தில் பெரும்பகுதி ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும். எனவே முக்கால் மணி முதல் ஒரு மணி வரை ஆகும். இதுவரை என் பதிலில் பிழையில்லை. நான் மறந்தது மலையை.

சாலை சொல்லும் தூரம்

வானத்தில் 256 கிலோமீட்டர் என்றால் சாலையில் சுமார் 420 கிலோமீட்டர். நம் பக்கம் பெங்களூருக்கு 250 கிலோமீட்டர் வான்தூரத்தைச் சுமார் 300 கிலோமீட்டர் சாலையில் ஆறு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறோம். ஸ்ரீநகரிலிருந்து லேக்கு வாகனங்கள் பெரும்பாலும் இரண்டு நாள் எடுத்துக்கொள்கின்றன. ஏறக்குறைய நடுவழியிலுள்ள கார்கிலில் இரவு தங்குவது வழக்கம்.

வழியில் முதலில் குறுக்கிடுவது ஜோஜி லா. 'லா' என்றால் அங்குள்ள மொழியில் கணவாய். இதன் உயரம் சுமார் 3,500 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அதற்கு அப்பால் திராஸ், கார்கில். அவற்றையும் தாண்டினால் 4,108 மீட்டர் உயரத்தில் போட்டு லா என்னும் மற்றொரு கணவாய். இச்சாலையின் மிக உயர்ந்த இடம் அதுதான். ஆனால் சாலையை அடைப்பது பெரும்பாலும் ஜோஜி லாதான். காஷ்மீர்ப் பக்கத்திலிருந்து வரும் ஈரக்காற்று அங்கே மோதிப் பெரும் பனியைக் கொட்டுகிறது. பனிச்சரிவுகளும் அங்கே மிகுதி. முன்பெல்லாம் ஆண்டில் ஐந்தாறு மாதம் சாலை மூடியே கிடக்கும். எல்லைச் சாலை அமைப்பினர் இயந்திரங்களைக் கொண்டு இடைவிடாது பனியை அகற்றுவதால் அண்மை ஆண்டுகளில் அந்தக் காலம் ஓரிரு மாதங்களாகச் சுருங்கியிருக்கிறது. ஆயினும் தை மாதத்தில் அவசரமாகக் கிளம்பும் ஒருவருக்கு அந்தச் சாலையை நம்ப முடியாது.

மோட்டார் சாலை வருவதற்கு முன் ஸ்ரீநகரிலிருந்து லேக்குக் குதிரையிலும் கோவேறு கழுதையிலுமாகச் சுமார் இரண்டு வாரம் பயணம் செய்ய வேண்டியிருந்தது. வண்டிகள் லே வரை போனது 1960களின் தொடக்கத்தில்தான்.

1948இல் இந்தத் தூரம் ஒரு நாட்டின் கவலையாகவே ஆயிற்று. கணவாய்ப் பாதை எதிரிகளின் கையில் சிக்கியது. லேயைக் காக்கத் தரைவழியாக உடனே படை அனுப்ப இயலவில்லை. லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு அங்குள்ள மக்களின் துணையோடு சிந்து நதிக்கரையில் ஒரு மண் ஓடுதளத்தை அமைத்தார். 1948 மே 24 அன்று விமானப்படை அதிகாரி மெஹர் சிங், தளபதி திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானத்தை அங்கே இறக்கினார். அந்த உயரத்தில் பறப்பதற்கென்று செய்யப்பட்ட விமானம் அன்று அது. சரியான வரைபடமும் கையில் இல்லை என்று சொல்வதைவிட, முன்பு யாரும் இறங்காத இடம் அது என்பதே போதும். அதன்பின் படைவீரர்கள் வான்வழியே வந்து இறங்கினர், லே காப்பாற்றப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், அந்த உயரத்துக்கு டாங்கிகளை ஏற்றி ஜோஜி லாவையும் நம் படை மீட்டது.

வானம் சொல்லும் நேரம்

அப்படியானால் வான்வழி எப்போதும் திறந்திருக்குமா? அதுவும் இல்லை என்பதே நான் கற்ற பெரிய பாடம்.

லே விமான நிலையம் 3,256 மீட்டர், அதாவது 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. ஸ்ரீநகர் விமான நிலையம் அதில் பாதி உயரம்தான். லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. விமானத்தைத் தூக்குவது இறக்கையின் மேல் பாயும் காற்று. காற்று மெலிந்தால் அதே பாரத்தைத் தூக்க விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டும். சென்னையில் தேவைப்படுவதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம் வேண்டும். எஞ்சினும் அதே மெலிந்த காற்றைத்தான் உட்கொள்கிறது. அதனால் அதன் வலிமையும் குறைகிறது. வெயில் ஏறினால் காற்று மேலும் விரிந்து மெலியும். அப்போது ஆட்களையோ சரக்கையோ குறைக்க வேண்டியிருக்கும்.

இத்தோடு பள்ளத்தாக்குக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. காலையில் அடங்கியிருக்கும் காற்று, வெயில் மலைச்சரிவைச் சுட்டதும் கிளம்பி, பிற்பகலில் பலமாக வீசும். சுற்றிலும் மலை இருப்பதால் அது சுழித்துச் சுழித்து அடிக்கும். ஆகவே லேக்கு வரும் பயணி விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து காலையிலேயே கிளம்பிவிடுகின்றன. காலை வேளை தவறினால் அநேகமாக அன்றைய நாளே தவறியது போலத்தான்.

மேலும், விமானி பள்ளத்தாக்கையும் ஓடுதளத்தையும் கண்ணால் கண்டே அங்கு இறங்க வேண்டும். தரை மறைந்தால் கருவிகளை மட்டும் நம்பி மலைகளின் நடுவே இறங்க முடியாது. மேலே வந்து பார்த்துவிட்டு, புறப்பட்ட ஊருக்கே திரும்பிப் போகும் விமானங்களும் உண்டு.

பறக்கும்போதும் இதே கவனம் தேவை. மற்ற இடங்களில் விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு இறங்கிவிடுவார். இந்த வழியிலோ 10,000 அடியில் இருப்பது மலை. வழிக்குத் தெற்கே நிற்கும் நுன் சிகரம் மட்டும் 7,135 மீட்டர் உயரம். எனவே எந்த இடத்தில் கோளாறு வந்தால் எந்தப் பள்ளத்தாக்கு வழியாகத் தப்பிப்பது என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

இப்போது அண்ணனின் மூன்று காலைகளைச் சொல்கிறேன். முதல் நாள் விடியும்போதே லேயை மேகம் மூடியிருந்தது, விமானம் வரவேயில்லை. இரண்டாம் நாள் விமானத்தின் ஒலி மேலே கேட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒலி வட்டமிட்டுத் தேய்ந்து மறைந்தது. மூன்றாம் நாள் வானம் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. ஏறி அமர்ந்தார், ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ரீநகரில் இறங்கினார். நான் ஆயாவுக்குச் சொன்ன அதே ஒரு மணி நேரம்! அதற்கு முன் காத்திருந்த இரண்டு நாளை என் அளவுகோலில் யாரும் பொறித்திருக்கவில்லை.

உடல் கேட்கும் நாட்கள்

திரும்பிப் போகும்போது வேறொரு கணக்கு இருந்தது. தாழ்வான இடத்திலிருந்து விமானத்தில் சட்டென்று லேயில் இறங்கும் உடலுக்கு, மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயு குறைந்துவிடுகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். கவனியாது விட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே 9,000 அடி முதல் 12,000 அடி வரையிலான உயரத்துக்கு வரும் படைவீரர் முதற்கட்டமாக ஆறு நாட்கள் உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது இராணுவத்தின் முறை. இன்னும் உயரே போக வேண்டுமானால் மேலும் சில நாட்கள்.

அதாவது, ஒரு மணி நேரத்தில் சென்றவர் வேலையைத் தொடங்க ஒரு வாரம் ஆகிறது! கால்நடையாகச் சென்ற பழங்கால வணிகரின் உடல் வழியிலேயே சிறிது சிறிதாகப் பழகிக்கொண்டது. நாம் பயணத்தில் மிச்சம் பிடித்த நாட்களில் ஒரு பங்கை உடல் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

வடகோடியில் இரு நகரங்கள்

இது இமயத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. ருஷ்ய நாட்டின் வடகிழக்கில் யாகுட்ஸ்க், மகதான் என்று இரு நகரங்கள் உள்ளன. இரண்டும் 60 பாகை வடக்கை ஒட்டியவை. இடையே 21 தீர்க்கப் பாகைகள் உள்ளன. சுவரில் தொங்கும் தட்டையான உலகப்படத்தில் பார்த்தால் இந்த இடைவெளி இந்தியாவின் அகலத்தில் பெரும்பகுதிக்கு நிகராகத் தோன்றும். ஆனால் அவ்வளவு வடக்கே ஒரு பாகையின் அகலம் நிலநடுக்கோட்டில் உள்ளதில் பாதிதான். எனவே வான்தூரம் சுமார் 1,170 கிலோமீட்டரே. சாலையிலோ சுமார் 2,000 கிலோமீட்டர்.

யாகுட்ஸ்க் நகரை லேனா என்னும் பேராறு அந்தச் சாலையிலிருந்து பிரிக்கிறது. அங்கே இதுவரை பாலம் கட்டி முடிக்கப்படவில்லை. கோடையில் வாகனங்கள் படகில் ஏறி அக்கரை சேர்கின்றன. குளிர்காலத்தில் ஆறு உறைந்து பாறைபோல் இறுகியதும் அதன் மேலேயே லாரிகள் ஓடுகின்றன. பனி உருகும் வசந்தத்திலும், உறையத் தொடங்கும் இலையுதிர் காலத்திலும் லாரி போக வழியில்லை. ஜோஜி லாவில் வழியை அடைக்கும் குளிர், லேனாவில் வழியைத் திறந்துவிடுகிறது! கிலோமீட்டர் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. பயணம் மட்டும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

முடிவுரை

மனிதன் சும்மா இருக்கவில்லை. சோன்மார்க் அருகே சுமார் ஆறரைக் கிலோமீட்டர் நீளச் சுரங்கச்சாலை 2025 ஜனவரி 13 அன்று திறக்கப்பட்டது. ஜோஜி லாவின் அடியில் சுமார் 13 கிலோமீட்டருக்கு மற்றொரு சுரங்கத்தைக் குடைந்துவருகிறார்கள். அது முடிந்தால் பனிக்காலத்திலும் ஸ்ரீநகர்–லே சாலையில் போக முடியும். வரைபடத்தில் ஊர்கள் ஓர் அங்குலமும் நகரப் போவதில்லை. ஆனால் லேயில் காத்திருக்கும் ஒரு மகனுக்கோ பேரனுக்கோ வீடு மிகவும் அருகில் வந்துவிடும்.

காரியம் முடிந்த அன்று மாலை அண்ணனிடம் என் நிலப்படக் கணக்கைச் சொல்லி அழுதேன். அவர் கோபிக்கவில்லை. "நீ சொன்னது சரிதான் தம்பி. ஆனா அங்க யாரும் எத்தனை கிலோமீட்டர்னு கேக்க மாட்டாங்க. வழி திறந்திருக்கா, மூடியிருக்கானுதான் கேப்பாங்க" என்றார்.

மாணவ நண்பர்களே, நாம் படிக்கும் புவியியல் அளவுகோலோடு முடிந்துவிடுவதில்லை. இரண்டு ஊர்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று ஒருவர் நம்மைக் கேட்டால், எந்த மாதம், எந்த வேளை, எந்த வழி, போகிறவர் யார் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்பவர் நோயுற்ற முதியவராக இருந்தால் இன்னும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். "ஒரு மணி நேரம்தான் ஆயா, ஆனா வானம் தெளியணும்" என்று அன்று நான் சொல்லியிருந்தால், அவள் கடிகாரத்தைப் பார்த்து ஏங்கியிருக்க மாட்டாள், பேரனுக்காக வானம் தெளிய வேண்டுமென்று வேண்டிக்கொண்டாவது இருந்திருப்பாள்.

இன்றும் எங்கள் ஊர்ச் சாலையில் புது மோட்டார் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் போகின்றன. அவற்றில் சில வண்டிகளாவது ஒருநாள் ஜோஜி லாவில் ஏறும். சிறு வயதில் அந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்த நான், இப்போது அவை நல்ல காலத்தில் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.